விழுப்புரத்துக்கு எத்தனை கட்டம்?

கணித்தமிழ் பற்றிப் பேச்சு எழும் இலக்கியக் கூட்டங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கிறது: "கணினியில் தமிழின் சிக்கல்கள் தீர்ந்துவிட்டன, ஒருங்குறி வந்துவிட்டது, இனி எழுத வேண்டியதுதான் பாக்கி." உலாவியில் வாசிக்கிறோம், கைப்பேசியில் தட்டுகிறோம், அச்சுக்கும் அனுப்புகிறோம், ஆகவே தீர்ந்தது என்பது இவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு தவறு என்று சொல்லவே இக்கட்டுரை. லினக்ஸ் முதலான யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில் டெர்மினல் என்னும் முனையத்தைத் திறந்து, அதில் விழுப்புரம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்கு, தீராத சிக்கல் எங்கே கிடக்கிறது என்று தெரியும்.

முனையம் பொறியாளர்களின் பண்டம், நமக்கென்ன என்று வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பெருந்தொகையான உரையைக் கையாள அதைவிடக் கூர்மையான கருவி இன்றும் அரிது. ஒரு சொல் ஒரு நூலில் எங்கெங்கு வருகிறது என்று தேட 'கிரெப்', இரு பதிப்புகளின் பாடவேறுபாடுகளைக் காட்ட 'டிஃப்', வரிசைப்படுத்த 'சார்ட்', எண்ணிச் சொல்ல 'டபிள்யூசி'. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சேர்த்து வைத்திருக்கும் மின்னூல்களிலிருந்து ஒருவர் சொல்லடைவு தயாரிக்க விரும்பினால், சில வரிக் கட்டளைகளில் அடித்தளத்தைப் போட்டுவிடலாம். பதிப்பாசிரியருக்கும் ஆய்வாளருக்கும் வேண்டிய கருவி இது. அதில் தமிழ் ஊனப்பட்டுக் கிடந்தால் அது நம் வீட்டுச் சிக்கல்.

ஊனத்தின் வேரை அறியச் சிறிது வரலாறு வேண்டும். முனையம், தந்தியச்சு இயந்திரத்தின் வாரிசு. 'டெர்மினல் எமுலேட்டர்' என்னும் பெயரின் பொருளே, இல்லாத ஓர் இயந்திரத்தைப் போல நடிக்கும் நிரல் என்பதுதான். அது நடிப்பது பெரும்பாலும் 1978இல் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்னும் முனையமாக: குறுக்கே 80 கட்டம், நெடுக்கே 24 வரி. அந்த 80, 1928இல் ஐபிஎம் வடிவமைத்த துளையட்டையின் 80 பத்திகளிலிருந்து வந்த எண். 1984இல் எழுதத் தொடங்கப்பட்ட எக்ஸ்டெர்ம் முதல் நேற்று வெளியான முனையம் வரை இந்தக் கட்டத்தாளை விடவில்லை. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. எழுதியதும் சுட்டி அடுத்த கட்டத்துக்கு நகரும். ரோமன் எழுத்துக்கு இது இயல்பாகப் பொருந்தியது.

பிற எழுத்துகளுக்கு என்ன செய்வது? ஒரு குறியீடு எத்தனை கட்டம் கொள்ளும் என்று விடை சொல்ல 'டபிள்யூசிவிட்த்' என்னும் ஒரு செயற்கூறு வந்தது. இதற்கு மார்க்கஸ் கூன் எழுதிய நிரல் பல முனையங்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. அதன் விதி எளியது. சீன, சப்பானிய எழுத்துகளுக்கு 2 கட்டம். ஒருங்குறித் தரவுப் பட்டியலில் 'இடம் கொள்ளாத குறி' என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்குச் சுழியம். மற்றவற்றுக்கு எல்லாம் 1.

இப்போது விழுப்புரத்துக்கு வருவோம். வி, ழு, ப், பு, ர, ம். ஆறு எழுத்து. அங்கிருந்து சென்னை செல்லும் வழியில் உள்ள திண்டிவனம்: தி, ண், டி, வ, ன, ம். அதுவும் ஆறு. முதல் வகுப்புக் குழந்தை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும். 'டபிள்யூசி'யிடம் கேட்டால் என்ன சொல்கிறது? பைட்டுக் கணக்கில் விழுப்புரம் 33, திண்டிவனம் 30. ஒருங்குறிக் குறியீட்டுக் கணக்கில் 11, 10. திரைக் கட்டக் கணக்கில் 9, 8. மூன்று கணக்குகள், ஒன்றிலும் ஆறு வரவில்லை, ஒன்றில்கூட இரண்டு ஊர்களும் சமமாகவில்லை.

கட்டக் கணக்கை மட்டும் பிரித்துப் பாருங்கள். புள்ளி இடம் கொள்ளாத குறி, சரி. ஆனால் இகரக் கொக்கியும் உகரக் குறியும் கொம்பும் காலும் 'இடம் கொள்ளும் குறி'கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கட்டம். இதைவிட வேடிக்கை ஈகாரக் குறி. அது மட்டும் பட்டியலில் புள்ளியோடு சேர்ந்து இடம் கொள்ளாத குறி ஆகிவிட்டது. ஆகவே 'மி' இரண்டு கட்டம். 'மீ' ஒரு கட்டம். 'மின்' என்று எழுதினால் மூன்று கட்டம், 'மீன்' என்று எழுதினால் இரண்டு. குறில் அகன்று நெடில் ஒடுங்கும் இலக்கணத்தைத் தமிழுக்கு யார் வகுத்தார்கள்? மொழியியலிலும் இதற்குக் காரணம் இல்லை, எழுத்து வடிவிலும் இல்லை. இரண்டு குறிகளும் எழுத்தோடு ஒட்டியே எழுதப்படுகின்றன. உலகெங்கும் ஓடும் கணினிகளில் இந்த விதி பல ஆண்டுகளாக இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த மேடையிலும் இதை ஒருவர் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

விளைவுகள் சிறியவை அல்ல. விழுப்புரம் மாவட்டத்தின் வட்டங்களைப் பட்டியலிட்டு எதிரே ஓர் எண்ணை அச்சிடும் சிறு நிரலை ஒரு மாணவர் எழுதுகிறார் என்று கொள்வோம். பெயருக்கு 20 இடம் ஒதுக்குகிறார். சி மொழியின் 'பிரிண்ட்எஃப்' பைட்டுகளை எண்ணும். செஞ்சி 18 பைட்டு. இரண்டு வெற்றிடம் சேர்க்கும். விழுப்புரமும் திண்டிவனமும் 20ஐத் தாண்டிவிட்டன, ஒன்றும் சேர்க்காது. பத்தே எழுத்துள்ள திருவெண்ணெய்நல்லூர் 57 பைட்டு. எண்கள் படிக்கட்டு போலச் சரிந்து நிற்கும். இன்னொன்று: வரியின் 80ஆம் கட்டத்தில் ஒரு மெய் வந்து நின்றால், அதன் உயிர்க்குறி அடுத்த வரிக்குப் போய்விடும். உயிர்மெய்யை உயிர் வேறு மெய் வேறாக இரு வரிகளில் கிடத்தும் கொடுமையை எந்த அச்சுக்கோப்பாளரும் செய்ததில்லை.

இனி, முனையத்தில் தமிழ் கெடுவதைக் கண்டு 'எழுத்துரு சரியில்லை' என்று ஒரே மருந்தை நீட்டுவோருக்கு. நோய்கள் நான்கு, மருந்தும் வேறு வேறு.

திரையில் கேள்விக்குறிகளோ, தலையில் கோடும் புள்ளியும் சுமந்த ரோமன் எழுத்துகளோ தெரிந்தால் அது குறிமுறைக் கோளாறு. 'லோகேல்' என்னும் கட்டளை தரும் விடையைப் பாருங்கள். 'லாங்' என்னும் சூழல் மாறி யூடிஎஃப்-8 அமைப்பைச் சுட்ட வேண்டும். அது தமிழ்-இந்தியா, தமிழ்-இலங்கை, ஆங்கிலம்-இந்தியா எதுவாகவும் இருக்கலாம். 'எஸ்எஸ்எச்' வழியே வேறு கணினிக்குள் நுழைந்திருந்தால் அங்கும் அதே அமைப்பு இருக்க வேண்டும். 'டிமக்ஸ்' பயன்படுத்துவோர் அதை 'யு' என்னும் தெரிவோடு தொடங்கலாம்.

வெற்றுச் சதுரங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றில் ஒன்றை நிறுவினால் போதும். ஆனால் வரைகலைச் சூழல் இல்லாத, கர்னலே நேரடியாகக் காட்டும் கறுப்புத் திரையில் எந்த எழுத்துருவும் உதவாது. அதன் எழுத்துருக்களுக்கு 512 வடிவங்களே வரம்பு; எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை.

கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றாலோ, உயிர்க்குறி புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு தனித்து நின்றாலோ, அந்த முனையம் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கவில்லை என்று பொருள். எக்ஸ்டெர்மின் நிலை இது. கேடிஈயின் கான்சோல், சப்பானியரான அராக்கி கென் உருவாக்கிய எம்எல்டெர்ம், கிட்டி போன்ற ஒன்றுக்கு மாறினால் பெரும்பாலும் சீராகும்.

நான்காவது நோய்தான் வாதத்துக்குரியது. எழுத்துகள் சரியாகத் தெரிகின்றன. ஆனால் சுட்டி வேறிடத்தில் மினுக்குகிறது; ஓர் எழுத்தை அழித்தால் பக்கத்து எழுத்தின் பாதி மறைகிறது; சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. உள்ளே ஓடும் நிரல் ஒரு கட்டக் கணக்கையும் முனையம் வேறொரு கட்டக் கணக்கையும் வைத்திருப்பதால் வரும் கோளாறு இது. எந்த அமைப்புக் கோப்பைத் திருத்தியும் இது முழுதாகத் தீராது. முதல் மூன்றையும் பயனர் தம் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். நான்காவதை, கணக்கை வகுத்தவர்களிடம் போய்க் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். திரை எவ்வளவு சிதைந்து தெரிந்தாலும் கோப்பில் உள்ள தமிழ் சிதைவதில்லை. திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் சுந்தரர் கிழித்தது படியோலையைத்தான்; மூல ஓலை கிழவர் கையில் பத்திரமாக இருந்தது. இங்கும் மூல ஓலை பத்திரம். காட்சியைக் கண்டு பயந்து கோப்புகளை ரோமனுக்கு மாற்றிக்கொள்கிறவர்களே உண்மையில் மூலத்தைக் கிழிக்கிறார்கள்.

வழக்கமாக எழும் மறுப்புகளை இனிப் பார்க்கலாம்.

"முனையத்தில் தமிழ் எதற்கு? கட்டளைகள் ஆங்கிலம்தானே?" இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் ஆங்கிலம் கைவரப் பெற்றவர். கட்டளைகள் ஆங்கிலமாகவே இருக்கட்டும்; நாற்பது ஐம்பது சொற்களை யாரும் கற்றுக்கொள்வார்கள். கட்டளை கையாளப்போகும் பொருள் எந்த மொழியில் இருக்கிறது? வாக்காளர் பட்டியல், வருவாய்க் கிராமங்களின் பெயர்கள், நூலகத்தின் நூற்பட்டி, கல்வெட்டுப் படிகள் எல்லாம் தமிழ். கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயரிடு, ஊர்ப்பெயரை ரோமனில் எழுது என்று அறிவுரை சொல்லுகிறார்கள். விழுப்புரம் என்னும் பெயரே ரோமனில் இரண்டு எழுத்துக்கூட்டல்களில் உலவுகிறது. ஒன்றில் தேடினால் மற்றது அகப்படாது. இரண்டிலும் ழகரம் பறிபோயிற்று. ஆங்கில வழி மட்டும் அறிந்தவர் வாயில் அவ்வூர் வில்லுபுரம் ஆகிவிட்டது. தமிழில் ஐயமின்றி ஒரே வடிவில் உள்ள பெயரை இப்படிக் குழப்பிவிட்டு, இதற்கு நடைமுறை என்று பெயர் சூட்டுவது அறியாமை.

இது யாரைப் பாதிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. தமிழ்வழியில் படித்த மாணவர்களின் கைக்கு முனையம் வந்து சேர்ந்த காலம் அது. விழுப்புரத்தில் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகக் கற்பிக்கிறது. 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் எளிய தமிழில் லினக்ஸ் பாடங்களை வெளியிட்டிருக்கிறது. பாடம் தமிழில் கிடைக்கிறது. சொல்லித்தர ஆளும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மாணவி முனையத்தைத் திறந்து தன் பெயரைத் தமிழில் தட்டினால், இங்கே உன் எழுத்துக்கு இடமில்லை என்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் முதல் பாடம். இந்தப் பாடத்தை நீக்காமல் கணித்தமிழ் வென்றது என்று விழா எடுப்பதில் பொருளில்லை.

"ஒருங்குறியே தமிழுக்குத் தவறு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் டேஸ்16 இருந்தால் இந்தச் சிக்கல் வராது." 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு டேஸ்16ஐயும் தரமாக ஏற்றது. அதில் விழுப்புரம் ஆறு குறியீடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ர' எத்தனை கட்டம், 'ணௌ' எத்தனை கட்டம் என்னும் கேள்வி அங்கும் அப்படியே நிற்கிறது. அதற்கு விடை சொல்ல ஓர் அகலப் பட்டியல் வேண்டும். அதை அங்கும் நாம் தயாரிக்கவில்லை. இதற்கு முந்திய திஸ்கியில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பைட்டு, கண்ணுக்குத் தெரியும் அதே வரிசையில். ஆகவே பழைய முனையங்களிலும் அது ஓரளவு ஒழுங்காகத் தெரிந்தது. அந்த அழகுக்காகத் தேடலையும் அகரவரிசையையும் விலையாகக் கொடுத்தோம். குறிமுறையைக் குறை சொல்வது, பட்டியல் எழுதும் வேலையைத் தள்ளிப்போட ஒரு சாக்காகவே பயன்படுகிறது.

"தமிழ் எழுத்து கட்டத்துக்குள் அடங்காது, அதன் இயல்பு அப்படி." இது மூன்றிலும் மோசமான வாதம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் தட்டச்சுப் பயிலகங்கள் பல தலைமுறைகளைப் பயிற்றுவித்தன. அங்கிருந்த தமிழ்த் தட்டச்சுப் பொறியும் ஒரே அளவாய் நகரும் இயந்திரம்தான். புள்ளிக்கான விசையை அழுத்தினால் வண்டி நகராது. அடுத்து அழுத்தும் மெய் அந்தப் புள்ளியின் கீழேயே வந்து அமரும். எது நகர வேண்டும், எது நகரக்கூடாது என்று தமிழறிந்த ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார். 'எழுத்து' என்னும் அலகைத் தட்டச்சுப் பயிலும் பத்தாம் வகுப்புப் பெண்ணின் விரல்கள் அறிந்திருந்தன. இன்றைய முனையம் அறியவில்லை. காரணம், இங்கே அந்த முடிவைத் தமிழறிந்தவர் எவரும் எடுக்கவில்லை.

இயந்திரத்துக்கு ஏற்ப எழுத்தை வளைப்பதும் நமக்குப் புதிதன்று. ஓலை கிழியும் என்று தொல்காப்பியம் விதித்த புள்ளியைக் கைவிட்டோம். 1978 அக்டோபரில் அரசாணை வழியே ணை, லை, னா, றா முதலியவற்றின் வடிவத்தை மாற்றினோம். அதற்குப் பின்னும் உகர, ஊகார வரிசைகளையும் சீரமைக்க வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி பல ஆண்டுகள் வாதிட்டார். அச்சு உலோகத்தில் வார்க்கப்பட்ட காலத்தில் அந்த வாதங்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. முனையத்தில் இருப்பது உலோகமா? ஒரு நிரலுக்குள் இருக்கும் பட்டியல். அதில் சில வரிகளைத் திருத்தினால் போதும். எழுத்தை வெட்டுவதற்கு முன் பட்டியலைத் திருத்துங்கள் என்பேன்.

சீன எழுத்துக்கு இரண்டு கட்டம் வானத்திலிருந்து விழவில்லை. சப்பானியர் தம் தரங்களில் முழு அகலம், அரை அகலம் என்று பாகுபடுத்தி, தம் இயந்திரங்களில் அதை நிலைநாட்டி, ஒருங்குறியையும் ஏற்கச் செய்தார்கள். கிழக்காசிய அகலம் என்று அதற்குத் தனி ஆவணமே உண்டு. தமிழுக்கு அப்படி ஓர் ஆவணம் இருக்கிறதா?

வேலை நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடக்கிறது, நம்மை விட்டு நடக்கிறது. 2023இல் பைத்தான் மொழிக்கான டபிள்யூசிவிட்த் நூலகத்தில், தேவநாகரி, தமிழ், கன்னடம் எனப் பெயர் சுட்டியே ஒரு திருத்தம் வந்தது. நூலகத்தைப் பேணுபவர் ஜெஃப் குவாஸ்ட். அதன்படி உயிர்க்குறிகள் தனிக் கட்டம் கொள்ளா. விழுப்புரம் 6, திண்டிவனம் 6. அதே ஆண்டு, சிக்கலான எழுத்துமுறைகளை முனையத்தில் முறையாகக் காட்டுவது பற்றி ரென்சி லீ ஒருங்குறி அமைப்பிடம் ஒரு முன்மொழிவை அளித்தார். கிறிஸ்டியன் பார்பர்ட் முன்வைத்த 'பயன்முறை 2027', குறியீடுகளை எண்ணாமல் எழுத்துத் தொகுதிகளை எண்ணச் சொல்கிறது. 2024 இறுதியில் வெளியான கோஸ்டி முனையம் அதை ஏற்றிருக்கிறது. கிட்டியை எழுதும் கோவிட் கோயல், உரையைக் கட்டங்களாகப் பிரிக்கும் முறையை 2025இல் எழுத்துப்பூர்வமாக வரையறுத்தார். இந்த அசைவில் பெரும்பகுதிக்குத் தூண்டுதல் எது தெரியுமா? இமோஜி. பல குறியீடுகள் சேர்ந்த குடும்பப் பொம்மை திரையில் சிதறுகிறதே என்ற கவலை. ஈராயிரம் ஆண்டுத் தொன்மை பேசும் மொழிக்கு விமோசனம் சிரிக்கும் பொம்மையின் தயவில் வருகிறது.

வருவதும் அரைகுறையாகவே வருகிறது. புதிய நூலகம் 6 என்கிறது. குனுவின் பழைய கருவிகள் 9 என்கின்றன. நிரல் ஒன்றை நம்ப, முனையம் மற்றதை நம்ப, நான்காவது நோய் முன்னிலும் முற்றுகிறது. அன்றி, எல்லா எழுத்துக்கும் ஒரு கட்டம் என்பதும் சரியான முடிவுதானா? 'ர' ஒரு கட்டத்தில் வசதியாக அமரும். 'ணொ'வை அதே கட்டத்தில் திணித்தால் எறும்பளவு ஆகும். எதற்கு ஒன்று, எதற்கு இரண்டு என்று சொல்ல வேண்டியவர்கள் தமிழ் எழுத்தின் வடிவறிந்தவர்கள்: எழுத்துரு வரைவோர், அச்சுக்கோப்பில் பழகியோர், தட்டச்சு ஆசிரியர்கள், பதிப்பாளர்கள். கலிபோர்னியாவில் இருக்கும் நிரலாளர் எவ்வளவு நல்லவரானாலும் அவரால் இதை ஊகித்துத்தான் செய்ய முடியும்.

ஆகவே நான் கேட்பது பெரிய மாநாட்டையோ அரசு நிதியையோ அல்ல, ஒரு பட்டியலை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் சில. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று அல்லது இரண்டு என்னும் எண். ஓர் உயிர்மெய்யை எந்நிலையிலும் இரண்டாகப் பிளக்கக்கூடாது என்று ஒரு விதி. இகரமும் ஈகாரமும் ஒரே நெறியில் நடத்தப்பட வேண்டும் என்று இன்னொரு விதி. நான்கு பக்கத்தில் முடியும் ஆவணம். அதை ஒருங்குறி அமைப்புக்கும், குனு சி நூலகத்துக்கும், முனையங்களை எழுதுவோருக்கும் வழு அறிக்கையாக அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் எழுத ஆள் வேண்டும் என்றால், நம்மிடையே மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பஞ்சமா? ஒவ்வொரு புதிய பதிப்பிலும் சோதித்துப் பார்க்க விழுப்புரத்து மாணவர்களைவிடத் தகுதியானவர் யார்?

இக்கட்டுரைக்கு மறுப்பு எழுத விரும்பும் நண்பர்களை வரவேற்கிறேன். ஒன்றே ஒன்று: மறுப்பைத் தொடங்குமுன் முனையத்தைத் திறந்து, ஒரு வரியில் விழுப்புரம், அதன் கீழ் திண்டிவனம், இரண்டின் முடிவிலும் ஒரு செங்குத்துக் கோடு தட்டிப் பாருங்கள். ஆறெழுத்துள்ள இரண்டு பெயர்களுக்கும் கோடு நேராக விழுந்தால் உங்கள் மறுப்பை எழுதுங்கள். விழாவிட்டால் பட்டியலின் முதல் பக்கத்தை எழுதி அனுப்புங்கள்.